நீல அலுமாரியின் உட்பக்கம்

தொண்ணூறாம் ஆண்டு முல்லைத்தீவுக் கரையிலிருந்து சனம் ஓடி வந்தபோது ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைத் தூக்கி வந்தார்கள். ஒருத்தி அம்மிக்குழவியை மட்டும் தூக்கி வந்தாள். அம்மி எங்கே என்று யாரோ கேட்ட பிறகுதான் குந்தியிருந்து அழத் தொடங்கினாள். ஒருவர் சைக்கிள் கரியரில் அந்தோனியார் சொரூபத்தைக் கட்டி, புனிதருக்கு வெயில் படக்கூடாதென்று தன் சேட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டு, வெறும் மேலோடு உழக்கி வந்தார். மதலேனா மூன்று பெயின்ற் தகரங்களோடு வந்தாள். ஒரு கையில் நீலம், மறு கையில் சிவப்பு, தலையில் மஞ்சள். பின்னால் பதினைந்து வயது மகள் கலிஸ்ரா பாயும் பானையுமாக வந்தாள்.

அந்தப் பெயின்ற், அவளுடைய புருஷன் அருளப்பு தன் வள்ளத்துக்குப் பூசவென்று வாங்கி வைத்தது. ஆனி மாதம் கடலில் துப்பாக்கிச் சூடு விழுந்தது. வள்ளத்தில் பாதி கரை ஒதுங்கியது, அருளப்பு ஒதுங்கவில்லை.

முள்ளியவளையில் என் வீட்டு வளவின் பின்கோடியில் அவர்களுக்கு ஒரு கொட்டில் போட இடம் விட்டேன். முதல் நாளே கேட்டேன்: "ஏன் மதலேனா, சோத்துக்குக் கறியா இதை ஊத்திச் சாப்பிடப் போறியோ?"

"காசு குடுத்து வாங்கின சாமான் ரீச்சர். எறிஞ்சுபோட்டு வர மனம் வரேல்லை."

"வள்ளம் இல்லையே."

"பெயின்ற் இருக்குத்தானே."

இந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்க ஆறு வருஷம் எடுத்தது.

தொண்ணூற்றாறில் கிளிநொச்சிப் பக்கத்துச் சனமும் எழும்பி வந்தது. அதற்கு முன்னரே யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சனம் வந்திருந்தது. உழவு இயந்திரங்களிலும் மாட்டு வண்டில்களிலும் வீட்டுத் தளபாடங்களை அடுக்கிக்கொண்டு வந்தார்கள். வந்து ஒரு மாதத்தில் அரிசி முடிந்தது. அதன் பிறகு மரத்தின் கீழே கட்டில், வேலியோரம் மேசை, பற்றைக்குள் கண்ணாடி மேசை என்று எங்கள் ஊர் முழுக்கத் தளபாடக் காடாகிவிட்டது. நான் சொல்வதில் கால்வாசியைக் கழித்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். ஆனாலும் சொல்கிறேன், ஒரு குரங்குக் குடும்பம் முழுதாக ஒரு சோபா செற்றில் உட்கார்ந்திருந்ததை நான் இந்தக் கண்ணால் கண்டேன். தகப்பன் குரங்கு கால் மேல் கால் போட்டிருந்தது.

ஒரு கதிரைக்கு ஒரு கொத்து அரிசி. கால் முறிந்த கதிரை என்றால் நாலு தேங்காய். மதலேனா தேங்காய் கொடுத்து வாங்கினாள்.

அவள் வேலை செய்யும் விதம் வேறு யாருக்கும் வராது. கடைகளில் மரம் தேய்க்கும் மட்டத்தாள் கிடையாது. எந்தப் பொருளுக்கு எப்போது தடை, எப்போது விலை என்று யாருக்கும் தெரியாத காலம். அவள் காய்ந்த திருக்கை மீன் தோலால் தேய்த்தாள். கரையில் வள்ளக்காரர் அப்படித்தான் செய்வார்களாம். பூச்சி அரித்த துளைகளுக்கு மரத்தூளை விளாம்பிசினில் குழைத்து அடைத்தாள். முறிந்த காலுக்கு வள்ளம் வலிக்கிற சவளில் ஒரு துண்டு. உடைந்த கண்ணாடிக்குத் தட்டி நிமிர்த்திய மீன் ரின் தகரம். தாழம் வேரை இடித்துத் தும்பாக்கிய தூரிகை. வர்ணத்துக்குக் காவிமண், விளக்குக்கரி, சலவை நீலம், சிப்பிச் சுண்ணாம்பு. எல்லாவற்றையும் இலுப்பெண்ணெயில் குழைப்பாள். இலுப்பெண்ணெய் இலகுவில் காயாது. ஒரு முறை எங்கள் கிராமசேவகர் நிவாரணப் பதிவுக்கு வந்தவர், காயாத கதிரையில் இருந்துவிட்டார். கதை முடிந்து எழும்பினால் கதிரையும் எழும்பியது. அவர் பதவியை விட்டாலும் விடுவார், கதிரையை விடமாட்டார் என்று ஊர் சொன்னது.

ஆனாலும் பார்க்கக் கொள்ளை அழகாக இருக்கும். அவள் பூசிய கதிரை ஒவ்வொன்றும் வள்ளம் மாதிரித்தான் இருக்கும்: உடம்பு ஒரு நிறம், விளிம்பு ஒரு நிறம், நடுவால் ஒரு கோடு. ஓலைக் கொட்டிலுக்குள் அப்படியொரு கதிரை இருந்தால், வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒரு நிமிஷம் நம்பலாம். சனம் வாங்கியது. தேங்காய் அரிசியாகி, அரிசி நெல்லாகி, தாயும் மகளும் மூன்று நேரம் சாப்பிட்டார்கள்.

கொண்டு வந்த மூன்று தகரத்தையும் மட்டும் அவள் தொடவேயில்லை. "அது கலிஸ்ராவின்ர" என்பாள்.

தொண்ணூற்றேழு தொடங்கக் கலிஸ்ராவுக்கு இருபத்திரண்டு வயது. தகப்பன் இல்லை, வீடு இல்லை, காணி இல்லை. மூன்று இடம் வந்து மூன்றும் வாசல் படலையோடு திரும்பிப் போனது. நாலாவதாகச் சிலாவத்தையிலிருந்து கிறிஸ்ரிக்குக் கேட்டு வந்தார்கள். நல்ல பெடியன், தொழில் கடல். அவனுடைய தாய் யூலியானா தான் அந்த வீட்டின் சட்டம்.

"வீடு வளவு கேக்கமாட்டன். காசும் கேக்கமாட்டன்" என்றாள் யூலியானா. "ஆனா என்ர மகன்ர வீட்டுக்கு வாறவள் வெறுங்கையோட வரக்கூடாது. கட்டில் ஒண்டு, மேசை ஒண்டு, கதிரை நாலு, அலுமாரி ஒண்டு. ஊர் பார்க்க வண்டிலில வரவேணும்."

"அது வரும் மச்சாள்."

"இடம்பெயர்ந்ததுகள் விக்கிற சாமான் வேண்டாம். ஆர் ஆர் செத்த கட்டிலோ, ஆரின்ர கண்ணீர் பட்டதோ. என்ர வீட்டுக்குள்ள அந்தத் தரித்திரம் வரக்கூடாது, சொல்லிப்போட்டன்."

இதைச் சொன்ன யூலியானாவே மூன்று முறை இடம்பெயர்ந்தவள். அந்த நேரம் அவள் குடியிருந்த மீன்வாடிக் குடிசையின் கூரை, யாரோ அகதிக்குக் கொடுத்த தறப்பாள். ஆனால் மாப்பிள்ளையின் தாய் என்றால் அகதிப் பதிவிலிருந்து பெயர் தானாக அழிந்துவிடும் போலிருக்கிறது.

மதலேனா, "புதுசாத்தான் செய்விக்கிறன்" என்று சொல்லிவிட்டாள். இந்தச் சம்பந்தமும் போனால் ஐந்தாவது வராது என்று அவளுக்குத் தெரியும்.

கட்டிலும் மேசையும் கதிரைகளும் சேர்ந்தன. அலுமாரிதான் அகப்படவில்லை. கடைசியில் உருத்திரபுரத்திலிருந்து வந்து எங்கள் ஒழுங்கையில் இருந்த இலட்சுமியிடம் ஒன்று இருந்தது. இலட்சுமி வயல்காரக் குடும்பம். குளத்துத் தண்ணீர் பாயும் காணியை விட்டுவிட்டு வந்தவர். வந்து ஒரு மாதத்தில் புருஷன் சிற்றம்பலம் மலேரியாவில் போய்விட்டார். மிச்சம் மகள் கௌசலாவும் இந்த அலுமாரியும்தான். இரண்டு கதவு, முதிரை மரம். ஒரு கதவை மரத்தோடு பிடிக்கிற கீழ்ப் பிணைச்சல் இல்லை. பின்பலகையைக் கறையான் தின்றிருந்தது. ஒரு மூட்டை நெல்லுக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது உள்ளே துணி ஏதும் கிடக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

மதலேனா அந்த அலுமாரிக்கு மூன்று கிழமை செலவழித்தாள். பின்பலகைக்கு வெடிமருந்துப் பெட்டிப் பலகை. இல்லாத பிணைச்சலுக்கு றப்பர்ச் செருப்பின் வாரை வெட்டி ஆணி அடித்தாள். பிறகு ஏழு வருஷம் மூடிக்கிடந்த தகரங்களைத் திறந்தாள். மேலே எருமைத் தோல் மாதிரி ஆடை. அதைக் கத்தியால் வெட்டி எடுத்தபோது அடியில் கால்வாசிதான் மிஞ்சியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு இளக்கினாள்.

கரைச்சனம் வள்ளத்துக்குப் பூசத் தொடங்குவது உள்ளேயிருந்துதான். உட்பக்கம் உப்பிருக்கும், ஈரமிருக்கும். முதலில் அதைத் தேய்த்து அடைத்துப் பூசிய பிறகுதான் வெளிப்பக்கம். அதே கைப்பழக்கம். யூலியானா கதவைத் திறந்து மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று பார்க்காமல் விடமாட்டாள் என்ற பயம் வேறு. எனவே உள்ளே இரண்டு கை சிவப்பு, வெளியே நீலம், விளிம்புக்கு மஞ்சள். தகரங்கள் மூன்றும் வழித்துத் துடைத்தாயிற்று.

"ரீச்சர், எப்பிடி?"

"கடலில விட்டா ஓடும்."

அவள் சிரித்தாள். அருளப்பு போன பிறகு அவள் வாய் விட்டுச் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

சாமான் கொண்டுபோக நாலு நாள் இருக்கும்போது இலட்சுமி வந்தார். முகம் வெளிச்சமாக இருந்தது.

"மதலேனா, உன்னட்ட ஒரு உதவி. எங்கட கௌசலாவுக்கு ஒரு இடம் சரிவரும் போல கிடக்கு. கூட்டுறவுச் சங்கக்கடையில வேலை செய்யிற பெடியன், தயாபரன். தகப்பன்ர முதல் வருச ஆட்டைத் திவசம் முடிஞ்ச கையோட வைக்கலாம் எண்டினம். சாதகம் கேக்கினம்."

"நல்ல விசயம் அக்கா."

"சாதகக் கட்டு மைத்துனர் வீட்டில, கந்தபுரத்தில இருந்தது. அந்தக் கொட்டில் எரிஞ்சு போச்சாம், இப்பத்தான் கடிதம் வந்தது. எண்டாலும் பயமில்லை. பிள்ளை பிறந்த உடனை என்ர மனிசன் மணிக்கூட்டைப் பாத்து அலுமாரிக் கதவுக்கு உள்பக்கம் பென்சிலால எழுதி வைச்சவர். திகதி எனக்குத் தெரியும், விடியப்புறம் எண்டும் தெரியும். மணி, நிமிசம் தான் தெரியாது. நோவில கிடந்த நான் மணிக்கூட்டையே பாத்துக்கொண்டு கிடந்தனான்? ஒருக்காத் திற, எழுதிக்கொண்டு போறன்."

மதலேனாவுக்கு அந்த எழுத்து நினைவிருந்தது. தேய்க்கும்போது கண்டவள்தான். வலப்பக்கக் கதவில் நாலு வரி. ஏதோ வயற்கணக்கு என்று நினைத்துத் திருக்கைத் தோலை வைத்து இழுத்துவிட்டாள். அதன் மேல் இரண்டு கை வள்ளப் பெயின்ற்.

அந்த நேரம் அவளுக்கு மனக்கண்ணில் தெரிந்ததெல்லாம் கதவைச் சுரண்டுகிற இலட்சுமி, வெறுமையாகிப்போன தகரங்கள், கதவைத் திறந்து பார்க்கிற யூலியானா. வாய் தானாகத் திறந்தது.

"பூச முந்தி நான் அதை எழுதி வைச்சனான் அக்கா. எங்கயோ வைச்சிட்டன். நாளைக்குத் தேடித் தாறன்."

"மெய்யே? உனக்குக் கோடிப் புண்ணியம் பிள்ளை!"

பின்னேரம் மதலேனா என்னிடம் வந்து ஒரு துண்டுக் கடதாசியும் பேனையும் வாங்கிப் போனாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தடுத்திருப்பேனா என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல எனக்கு இன்றைக்கும் துணிவில்லை. வேதக்காரப் பெண், சாதகம் என்றால் அவளுக்குப் பிறந்தநாள் மாதிரி ஒன்று. விடியப்புறம் என்றால் எந்த விடியப்புறமாயிருந்தால் என்ன? கடலுக்குத்தான் நிமிஷக் கணக்கு. அது தப்பினால் மீன் தப்பும். பிள்ளைக்கு என்ன நிமிஷம்?

ஆனாலும் கெட்ட மனசோடு அவள் எழுதவில்லை. தனக்குத் தெரிந்த நேரங்களில் மிக நல்ல நேரம் எதுவோ அதை எழுதினாள். கலிஸ்ரா பிறந்தது கோயிலில் முதல் பூசைக்கு மணி அடித்து ஓய்ந்த நேரம். என்ர பிள்ளைக்கு ஒரு மாப்பிள்ளை வந்த நேரம், அக்காவின்ர பிள்ளைக்கும் வரட்டும் என்று நினைத்தாளாம். உருண்டை உருண்டையான எழுத்தில், "விடிய 5 மணி 35 நிமிடம்."

இலட்சுமி அந்தத் துண்டைக் கண்ணில் ஒற்றி மடித்துக்கொண்டு போனார்.

நாலாம் நாள் வண்டில் புறப்பட்டது. கட்டில், மேசை, கதிரைகள், மேலே நிமிர்ந்து நிற்கிற நீல அலுமாரி. வழியெல்லாம் சனம் வேலிக்கு வந்து பார்த்தது. வள்ளம் ஒன்று கரைக்குப் போகிறதென்று நினைத்து முள்ளியவளைக் காகங்கள் சிலாவத்தை வரைக்கும் பின்னாலேயே பறந்து போயின என்று நான் சொல்லுவேன். மதலேனா இல்லையென்று சொல்லமாட்டாள்.

யூலியானா கதவைத் திறந்தாள். உள்ளே தலையை விட்டு மணந்து பார்த்தாள். விரலால் சிவப்பைத் தடவி, விரலைப் பார்த்தாள்.

"எங்க செய்வித்தது?"

"முள்ளியவளையில தான் மச்சாள்."

"உள்ளுக்கும் பூசியிருக்கு" என்று ஊருக்குக் கேட்கச் சொன்னாள் யூலியானா. கலிஸ்ராவின் கலியாணம் அந்த ஒரு வசனத்தில் முடிந்தது. கோயிலில் நடந்தது அதற்குப் பிறகு நடந்த சடங்கு.

இரண்டு மாதம் கழித்து, ஓமந்தைப் பக்கத்துக் குமுறல் இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில், கௌசலாவின் கதை வந்தது. சாத்திரியார் அந்த நேரத்தை வைத்துச் சாதகம் கணித்தார். ஏழில் செவ்வாய். தயாபரனின் தாய் மரியாதையாகத்தான் சொல்லியனுப்பினாள்: "பிள்ளையில ஒரு குறையுமில்லை. எங்களுக்கு ஒரே ஒரு பெடியன், அதுதான் பயம்." ஒரு மாதத்தில் அவனுக்கு வேறிடத்தில் கலியாண எழுத்து முடிந்தது. பிறகு கேட்டு வந்த இரண்டு இடமும், "செவ்வாய்ப் பிள்ளையாமே" என்று ஒழுங்கைத் தொங்கல் முனையில் நின்று திரும்பிப் போனது. ஷெல் விழுந்த செய்தி எங்களுக்கு அரைநாள் பிந்தித்தான் வரும். செவ்வாய்க் குற்றம் அதே மணித்தியாலத்தில் வந்து சேரும்.

மதலேனா இதைக் கேட்டுவிட்டுக் கதிரை பூசப் போனாள். கலிஸ்ரா சந்தோஷமாக இருந்தாள். மீன் பட்ட நாட்களில் மகள் அனுப்பிய சூடைக் கருவாடு என் வீட்டுக்கும் வந்தது, நானும் சாப்பிட்டேன். "எங்கட சமயத்தில இதெல்லாம் இல்லை ரீச்சர். செவ்வாயாவது புதனாவது" என்று ஒரு நாள், நான் ஒன்றும் கேட்காமலே சொன்னாள். நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். அவள் திருக்கைத் தோலைத் தேடுகிற மாதிரித் திரும்பிக்கொண்டாள்.

ஐப்பசி பிறந்தது. சிற்றம்பலத்தின் ஆட்டைத் திவசத்துக்கு ஒரு கிழமை இருந்தது. இலட்சுமி எங்கள் கிணற்றுக்குத் தண்ணீர் அள்ள வந்தார். நான் சாதாரணமாகத்தான் கேட்டேன், ஐயருக்குச் சொல்லியாயிற்றா என்று.

"ஆருக்குத் திவசம்?" என்றார் இலட்சுமி.

"என்ன கதை இது?"

"சுத்த சாதகம், சுத்த சாதகம் எண்டு இருபத்துமூண்டு வருசமா எனக்குச் சொன்ன மனிசன் ரீச்சர். என்ர பிள்ளைக்குத் தோசமே இல்லை எண்டு சந்நிதியில வைச்சுச் சொன்னவர். தெரிஞ்சு கொண்டு பொய் சொல்லியிருக்கிறார். நான் அழுவன் எண்டு மறைச்சாராக்கும். முதலே சொல்லியிருந்தா செவ்வாய் உள்ள ஒரு பெடியனைத் தேடியிருப்பன். இப்ப பிள்ளை ஊர்ச்சிரிப்பாப் போச்சு. அந்தாளுக்கு ஒரு பிடி சோறும் வைக்கமாட்டன். பசியோட அலையட்டும்."

செத்தவரைப் பட்டினி போடுவேன் என்று ஒரு பெண் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. மதலேனா அப்போது கிணற்றுக்கட்டோரம் தூரிகை கழுவிக்கொண்டிருந்தாள். கடலில் போனவரின் உடலைக்கூடக் காணாதவள். வருஷந்தோறும் அருளப்புவின் ஆன்மாவுக்குப் பூசை வைத்துக்கொண்டிருந்தவள். அவள் எழும்பினாள்.

"அக்கா, அவர் பொய் சொல்லேல்லை."

"உனக்கென்ன தெரியும்?"

"அந்த நேரம் கதவில இருந்த நேரமில்லை. நான் ஒண்டும் எழுதி வைக்கேல்லை. என்ர பிள்ளை பிறந்த நேரத்தை எழுதித் தந்தனான்."

இலட்சுமி வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்தார். வாளித் தண்ணீர் ஆடி அடங்குவதைப் பார்த்தார்.

"கதவு இருக்குத்தானே?"

"சிலாவத்தையில இருக்கு. அக்கா, நான் பூச முந்தித் தேய்ச்ச..."

"கதவைக் கொண்டா."

மதலேனா அன்றைக்கே என் சைக்கிளை வாங்கிக்கொண்டு போனாள். கிறிஸ்ரி கடலுக்குப் போயிருந்தான். கலிஸ்ரா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். யூலியானா வலைத்துண்டோடு முற்றத்தில் இருந்தாள்.

"வாரும் மச்சாள். என்ன, திடீரெண்டு?"

மதலேனாவுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. அன்றைக்கு வந்திருந்தால் நல்லது. அலுமாரிக் கதவு ஒன்று இரண்டு நாளைக்கு வேண்டும் என்றாள். ஏன் என்ற கேள்வி வந்தது. சொன்னாள். உருத்திரபுரத்து இலட்சுமியின் அலுமாரி, உள்ளே சிற்றம்பலம் எழுதியது, பொய் நேரம், நின்று போன கலியாணம், ஒன்றும் விடாமல் சொன்னாள்.

யூலியானா வலையைக் கீழே வைத்தாள்.

"அப்ப, செத்தவீட்டு அலுமாரிக்குள்ளயோ என்ர மகன்ர கலியாணச் சேட்டு தொங்குது?"

"மச்சாள், அவர் அலுமாரிக்குள்ள சாகேல்லை."

"வாய் காட்டாதேயும்! புதுசெண்டு சொல்லி என்ர வீட்டை ஏமாத்தினனீர். இப்ப ஆரோ ஒருத்தியின்ர மகளுக்காக என்ர வீட்டுக் கதவைக் கழட்ட வாறீர்."

கலிஸ்ரா தாயின் கையைப் பிடித்தாள். "அம்மா, இதை இப்ப ஏன் சொன்னனீங்கள்? விட்டிட்டுப் போங்கோ அம்மா. நான் எல்லோ இஞ்ச இருக்கிறது."

மதலேனா அவளைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கத்தி முனையால் மேல் பிணைச்சலின் திருகாணிகளைக் கழற்றினாள். கீழே செருப்பு வார். யூலியானா குனிந்து அதைப் பார்த்தாள். மூன்று வீடு கேட்கச் சிரித்தாள்.

"செருப்பு! எடி கலிஸ்ரா, உன்ர சீதனத்தைச் செருப்பிலயெல்லோ கட்டி விட்டிருக்கிறா உன்ர கொம்மா!"

திரும்பி வரும்போது மழை பிடித்தது. கரியரில் கட்டிய கதவு காற்றுக்குச் சைக்கிளைச் சரித்தது. இறங்கி உருட்டியே வந்தாள்.

மறுநாள் விடிய இலட்சுமியின் கொட்டிலில், பாய் விரித்து, கதவை அதன் மேல் கிடத்தினார்கள். நானும் போயிருந்தேன். வீட்டில் விளக்குக்கு வைத்திருந்த ஒரு போத்தல் மண்ணெண்ணெயைக் கௌசலா கொண்டுவந்து வைத்தாள். பழந்துணியை நனைத்து இலட்சுமியும் மதலேனாவும் எதிரெதிரே இருந்து தேய்த்தார்கள். வள்ளப் பெயின்ற், உப்புத் தண்ணிக்கே அசையாதது. ஒரு முழ இடம் இளகவே மத்தியானம் ஆகிவிட்டது. சிவப்புக்குக் கீழே முதிரையின் மண்ணிறம் மெல்ல வெளியே வந்தது.

மேல் வரி முதலில் தெரிந்தது. சிற்றம்பலத்தின் சாய்ந்த எழுத்து: "மகள்." அதன் கீழே ஒரு திகதி, அரைகுறையாக. இலட்சுமி கையை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். மூன்றாம் வரி இருக்க வேண்டிய இடத்தில் பிசின் வைத்து அடைத்த நாலு பூச்சித் துளை. சுற்றிவர வழுவழுவென்று தேய்ந்த பலகை.

"இதில தான் அக்கா" என்றாள் மதலேனா. "துளை கனக்க இருந்தது. வடிவாத் தேய்ச்சனான்."

இலட்சுமி கேட்கவில்லை. தேய்த்தார். துணி கிழிந்தது, திருக்கைத் தோலைப் பறித்து அதால் தேய்த்தார். "மகள்" என்ற சொல்லும் மங்கத் தொடங்கியது. நான் கையைப் பிடிக்கப் போனேன், உதறிவிட்டார். அந்த நேரம் முழுக்கச் சுவரோடு நின்ற கௌசலா வாய் திறந்தாள்.

"அம்மா, இன்னும் தேய்ச்சா மற்றப் பக்கம் வந்திடும்."

யாரும் சிரிக்கவில்லை. இலட்சுமி தோலைக் கீழே போட்டார். மதலேனாவைப் பார்த்துக் கேட்டார்: "அண்டைக்கே ஏலாது எண்டு சொல்லியிருந்தா என்ன? நேரம் தெரியாது எண்டு சொல்லியிருப்பன். கையைப் பாத்துக் கட்டியிருப்பினம், கோயில்ல பூக்கட்டிப் பாத்துக் கட்டியிருப்பினம். எத்தினை சாதகம் எரிஞ்சு போச்சு, அவையெல்லாம் கட்டேல்லையே?"

"கலிஸ்ராவின்ர கலியாணம் நிண்டிடும் எண்டு பயந்தனான்."

"ஓம். அதுக்கு என்ர பிள்ளையின்ரயை நிப்பாட்டினனீ."

மதலேனா சிலாவத்தைக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கதவைத் தூக்கப் போனாள்.

"அது கிடக்கட்டும்" என்றார் இலட்சுமி. "நீ போ."

அந்தக் கிழமை சிற்றம்பலத்துக்குத் திவசம் நடந்தது. உண்மை செய்த ஒரே நல்ல காரியம் அது. செத்தவருக்குச் சோறு கிடைத்தது. உயிரோடு இருந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தயாபரன் கலியாணம் முடித்துவிட்டான். செவ்வாய் பொய்யென்று நாங்கள் வீடு வீடாகச் சொன்னோம். சனம் தலையாட்டிக் கேட்டது. "தாய் பிள்ளையைக் கரைசேர்க்க ஏதோ கதை கட்டுறா" என்று திரும்பிப் போகும்போது கதைத்தது.

சிலாவத்தையில் யூலியானா ஒற்றைக் கதவு அலுமாரியை வெளியே மணலில் இழுத்துப் போட்டாள். கலிஸ்ராவின் சீலைகள் அதற்குள்ளேயே இருந்தன. கிறிஸ்ரி கடலால் வந்து அதை வலை போட்டு வைக்கிற மால் கொட்டிலுக்குள் தள்ளி வைத்தான். வீட்டுக்குள் கொண்டுபோக அவனுக்குத் தைரியம் வரவில்லை. கலிஸ்ராவை யாரும் துரத்தவில்லை. கூப்பிடுகிற பெயர் மட்டும் மாறியது. "அலுமாரிக்காரி, தண்ணி கொண்டா. அலுமாரிக்காரி, மீனைக் கழுவு." கிறிஸ்து பிறந்த நத்தாருக்குப் பலகாரம் கட்டிக்கொண்டு புறப்பட்ட தாய்க்கு மகளிடமிருந்து ஆள் வந்தது: அம்மாவைக் கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ. கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று மதலேனா என்னிடம் கேட்டாள். நான் ஆயிரம் புளுகு தெரிந்தவள். ஒன்றைச் சொன்னேன், தைப்பொங்கலுக்குள் சரிவரும் என்று. நாலு வருஷமாயிற்று. இரண்டு பேரப்பிள்ளைகள். கோயில் பெருநாளில் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வருவாள்.

வேலையை அவள் விடவில்லை. விட்டால் யார் சோறு போடுவது? வள்ளப் பெயின்ற் பிறகு கிடைக்கவேயில்லை. காவியும் கரியும் சுண்ணாம்பும்தான். அலுமாரி மட்டும் வாங்குவதில்லை.

அந்தத் திவசத்துக்கு அடுத்த வருஷ நடுவில் கௌசலா எங்கள் படலைக்கு வந்தாள். அவள் இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு மரத்தின் கீழே படிப்பிக்கத் தொடங்கியிருந்தாள். அந்தக் கதவைத் திருப்பி, வெளிப்பக்கத்து நீலத்தின் மேல் கரியும் ஊமத்தை இலைச் சாறும் பூசிக் கரும்பலகையாக்கி மரத்தில் சாத்தியிருந்தாள். நான் வா என்றேன், உள்ளே வரவில்லை. மதலேனாவைக் கூப்பிடச் சொன்னாள். மதலேனா கையில் கரியோடு ஓடி வந்தாள். முகத்தில் அப்படியொரு நம்பிக்கை.

"நான் மன்னிச்சு வரேல்லை" என்றாள் கௌசலா. "கரி நிக்குதில்லை. துடைக்கத் துடைக்க வருது. என்ன கலக்கிறது?"

"விளாம்பிசின், பிள்ளை. ஊற வைச்சு, வடிச்சுக் கலக்கோணும். நானே வந்து பூசி..."

"வேண்டாம். சொன்னாக் காணும்."

மறுநாள் விடிய மதலேனா பிசினை ஊறவைத்து, துணியில் இரண்டு தரம் வடித்து, ஒரு கிண்ணம் நிறைய எடுத்துக்கொண்டு இலட்சுமி வீட்டுக்குப் போனாள். அவளிடம் இருந்த ஒரே பீங்கான் கிண்ணம் அது. படலையில் நின்று, "அக்கா" என்று கூப்பிட்டாள்.

இலட்சுமி வந்தார். கிண்ணத்தை வாங்கினார். விரலைத் தொட்டுப் பதம் பார்த்தார். படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.

மதலேனா கிண்ணத்துக்காகக் கொஞ்ச நேரம் வெளியே நின்றுவிட்டு, வெறுங்கையோடு வந்தாள்.